கடலற்றவர்களின் மணல்

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்தேறிய ஐரோப்பியக் கடற்கரைக் கால்பந்து லீகின் இறுதிச் சுற்றில் வென்று அவ்வாண்டின் பட்டத்தைப் பெற்ற நாடு ஸ்விட்சர்லாந்து. ஐந்து அயல்நாடுகளால் முற்றிலும் சூழப்பட்ட, மலைகளும் ஏரிகளுமே நிலமாக அமைந்த, ஒரு முழ நீளக் கடற்கரைகூட இல்லாத நாடு. அட்லாண்டிக் கரையில் கிடக்கும் போர்ச்சுகலும், மத்தியதரைக் கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்கும் ஸ்பெயினும் இத்தாலியும் பிரான்சும் போட்டியிடும் ஓர் ஆட்டத்தில் கடலே இல்லாத ஒரு தேசம் முதலிடம் பெற்றது. இச்செய்தியை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் நாம் காண்பது ஒரே எதிர்வினையைத்தான்: ஒரு சிறு புன்னகை. "அப்படியானால் அது என்ன கடற்கரைக் கால்பந்து?" என்ற கேள்வி அந்தப் புன்னகைக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்தப் புன்னகையோடு நமக்கு உடன்பாடில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு கலை யாருக்கு உரியது, அது எவ்வாறு உயிரோடு இருக்கிறது, எதனால் அழிகிறது என்பவை நம் எல்லோருக்கும் பொதுவான கேள்விகள். அவற்றுக்கான விடைகள் சில வேளைகளில் நாம் எதிர்பாராத திசையிலிருந்து கிடைக்கின்றன.

நிலத்தையும் வாழ்வையும் பிரித்துப் பார்க்காதது நமது மரபு. மணலும் அலையும் உப்பும் நெய்தலுக்கு உரியவை. அந்நிலத்தின் மக்கள், தொழில், தெய்வம், பறவை, பண் யாவும் அந்நிலத்தோடு பிணைந்தவை. இந்த இலக்கணம் நம் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்றால், மலைநாட்டுக்காரன் மணலில் வென்றான் என்று கேட்டவுடன் எங்கோ வரிசை பிறழ்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ஆனால் அதே மரபுதான் திணை மயக்கத்துக்கும் இடம் கொடுத்தது. ஒரு நிலத்தின் கருப்பொருள் இன்னொரு நிலத்தில் வந்து நிற்பதைப் பிழை என்று நம் முன்னோர் தள்ளிவிடவில்லை. அந்தப் பெருந்தன்மையுடன் இந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்பதே நம் வேண்டுகோள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. கோல்கீப்பரையும் சேர்த்து ஓர் அணிக்கு ஐந்து பேர். பன்னிரண்டு நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டக்காரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். காலணி கூடாது, வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். கணுக்காலுக்குப் பட்டை கட்டிக்கொள்ளலாம். மைதானத்தின் நீளம் 35 முதல் 37 மீட்டர், அகலம் 26 முதல் 28 மீட்டர். பந்தில் காற்றழுத்தம் வழக்கமான கால்பந்தைவிடக் குறைவு. இவை அனைத்தையும்விட முக்கியமானது மணல். குறைந்தது 40 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். கல்லோ கிளிஞ்சலோ இல்லாமல் சலிக்கப்பட்டிருக்க வேண்டும். நுண்மணலாக இருக்க வேண்டும், ஆனால் தூசாகப் பறந்து உடலில் அப்பிக்கொள்ளும் அளவுக்கு நுண்மை கூடாது. விதிப்புத்தகத்தில் மணலைப் பற்றிப் பேசும் வரிகளை வாசிக்கும்போது, நல்ல களிமண்ணைப் பற்றி ஒரு குயவர் பேசுவதைக் கேட்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது.

மணல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. புல்தரையில் உருண்டோடும் பந்து இங்கே இரண்டடி சென்று ஒரு குழியில் நின்றுவிடும், அல்லது மேட்டில் பட்டு வேறு திசைக்குத் தாவும். தரைவழியாகக் கொடுக்கும் பந்தை நம்ப முடியாது. ஆகவே ஆட்டம் தரையைவிட்டு எழுந்து காற்றில் நடக்கிறது. பந்தைக் கால்விரலால் மேலே எடுத்து, தொடையில் தாங்கி, விழுமுன் அடிக்க வேண்டும். புல்தரையில் எப்போதாவது ஒருமுறை நிகழ்ந்து நாளிதழ்களில் படமாக வரும் தலைகீழ் உதை இங்கே அன்றாட வழக்கு. அவ்வாறு உதைக்க எழும்புபவரை மற்றவர் இடையூறு செய்யாதபடி காக்க விதியிலேயே இடம் செய்திருக்கிறார்கள். கோல்கீப்பர் வெறும் காவலர் அல்லர். அவர் எறியும் பந்து எதிர்ப்புறக் கோலுக்கு அருகே நிற்பவரின் மார்பில் போய் இறங்குவதால், தாக்குதலின் முதல் சொல்லே அவருடையதாக இருக்கிறது.

இன்னொன்று நம்மை வெகுவாகக் கவர்ந்தது. மைதானத்தின் நான்கு ஓரங்களை மட்டுமே நாடாவால் குறிக்கிறார்கள். நடுக்கோடும் பெனால்டி எல்லையும் மணலில் வரையப்படுவதில்லை. நடுக்கோட்டுக்கு இருபுறமும் சிவப்புக் கொடிகள், பெனால்டி எல்லைக்கு மஞ்சள் கொடிகள். இடையே இருப்பது கற்பனைக் கோடு. ஆட்டக்காரர்களும் நடுவரும் அக்கோட்டை மனத்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீ கிக் என்றால் நேரடி உதைதான். எதிரணியினர் குறுக்கே சுவர்போல அணிவகுத்து நிற்க முடியாது. உதைப்பவர் மணலைக் கைகளால் குவித்து ஒரு சிறு மேடு கட்டி, அதன்மீது பந்தை வைத்து அடிக்கலாம். எவர்மீது தவறு இழைக்கப்பட்டதோ அவரே எழுந்து வந்து உதைக்க வேண்டும் என்ற விதி பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது. காயம்பட்டவனிடமே நியாயத்தை ஒப்படைக்கும் விதி என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது.

சமநிலை என்பதும் இந்த ஆட்டத்தில் இல்லை. முப்பத்தாறு நிமிடங்களில் தீராவிட்டால் மூன்று நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் தீராவிட்டால் பெனால்டி. லீக் கணக்கில் உரிய நேரத்தில் வென்றால் மூன்று புள்ளிகள், கூடுதல் நேரத்தில் வென்றால் இரண்டு, பெனால்டியில் வென்றால் ஒன்று. வெற்றிக்கும் தரம் பிரித்து விலை வைத்திருக்கிறார்கள்.

இனி வரலாறு. ரியோ டி ஜெனிரோவின் கடற்கரைகளில் மக்கள் தலைமுறை தலைமுறையாக மணலில் பந்தாடி வந்திருக்கிறார்கள். 1992-இல்தான் அதற்கு ஒழுங்கான விதிகள் எழுதப்பட்டன. 1993-இல் அமெரிக்காவின் மயாமி கடற்கரையில் பிரேசில், அர்ஜென்டினா, இத்தாலி, அமெரிக்கா ஆகிய அணிகள் பங்கேற்ற முதல் தொழில்முறைப் போட்டி நடந்தது. 1995-இல் ரியோவின் கோபகபானா கடற்கரையில் முதல் உலகப் போட்டி நடைபெற்றுப் பிரேசில் வென்றது. ஜிக்கோவும் ஜூனியரும் அதில் ஆடினார்கள். புல்தரையில் புகழ்பெற்று ஓய்ந்தவர்கள் மணலில் மீண்டும் தோன்றுவதைக் காணவே அன்று கூட்டம் கூடியது என்றால் தவறில்லை. 1997-இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓய்வை அறிவித்து எல்லோரையும் திகைக்கவைத்த பிரான்சின் எரிக் கன்டோனாவும் பின்னர் இங்கே வந்து சேர்ந்தார். அவர் பயிற்றுநராக இருந்த பிரெஞ்சு அணி 2004-இல் ஐரோப்பிய லீகையும், 2005-இல் ஃபிஃபா முதன்முறையாகத் தன் பெயரில் நடத்திய உலகக் கோப்பையையும் வென்றது. கோபகபானாவில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் போர்ச்சுகலுடன் மூன்றுக்கு மூன்று என்று நின்று, பெனால்டியில் ஒன்றுக்குச் சுழியம் என்ற கணக்கில் வென்றார்கள்.

இந்தத் தொடக்கத்தை வைத்துத்தான் பலரும் இன்றுவரை இந்த ஆட்டத்தை மதிப்பிடுகிறார்கள். ஓய்வுபெற்ற நட்சத்திரங்களின் பொழுதுபோக்கு, விளம்பரதாரர்களின் கோடைத் திருவிழா, சுற்றுலா நகரங்களின் கண்காட்சி. 1990-களைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே ஆண்டுகளில், ஆரவாரம் இன்றி, வேறொன்றும் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுதான் நம் கட்டுரையின் மையம்.

1998-இல் ஐரோப்பிய நாட்டு அணிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு லீக் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பு எளிமையானது. கோடை தொடங்கியதும் ஒரு நகரத்தில் நான்கு அணிகள் கூடும்; வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள்களில் ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடனும் ஆடும். பிறகு வேறு நகரம், வேறு நான்கு அணிகள். இத்தகைய சுற்றுகள் கோடை முழுதும் தொடரும். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, முன்னணியில் இருப்பவர்கள் கோடையின் முடிவில் இறுதிச் சுற்றுக்காக ஓரிடத்தில் கூடுவார்கள். பின்னாளில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று பிரித்து, கீழே இருப்பவர் மேலே ஏறவும் மேலே இருப்பவர் கீழே இறங்கவும் வழிசெய்தார்கள். ஆகவே, இறுதிச் சுற்று நடக்கும் அதே ஊரில், அதே நாள்களில், பட்டத்துக்காக ஆடும் அணிகளுக்குப் பக்கத்திலேயே இரண்டாம் பிரிவிலிருந்து மேலேறத் துடிக்கும் அணிகளும் ஆடிக்கொண்டிருக்கும்.

முதல் பட்டம் ஜெர்மனிக்குச் சென்றது. அடுத்த மூன்றாண்டுகள் தொடர்ந்து ஸ்பெயின். 2002-இல் போர்ச்சுகல், 2003-இல் மீண்டும் ஸ்பெயின், 2004-இல் பிரான்ஸ், 2005-இல் இத்தாலி, 2006-இல் ஸ்பெயின், 2007-இலும் 2008-இலும் போர்ச்சுகல். ஜெர்மனியை விலக்கிப் பார்த்தால் எல்லாம் தெற்கு ஐரோப்பாவின் வெயில் நாடுகள். நிலமும் ஆட்டமும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்த காலம் என்று இதைச் சொல்லலாம். 2009-இல் ரஷ்யா வென்றது. 2011, 2013, 2014, 2017 ஆகிய ஆண்டுகளிலும் ரஷ்யாவே. 2012-இல் ஸ்விட்சர்லாந்து. 2016-இல் உக்ரைன். பத்தாண்டுகளுக்குள் பட்டியலின் முகமே மாறிவிட்டது.

இம்மாற்றம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 2006 முதல் 2009 வரை நான்கு உலகக் கோப்பைகளையும் பிரேசில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மணலில் பிரேசிலை வெல்ல இயலாது என்பது அப்போது பொதுக் கருத்தாக இருந்தது. ஆனால் 2011-இல் இத்தாலியின் ரவென்னாவில் நடந்த இறுதியாட்டத்தில் ரஷ்யா பன்னிரண்டுக்கு எட்டு என்ற கணக்கில் பிரேசிலை வீழ்த்தியது. 2013-இல் தாகிதித் தீவில் ஸ்பெயினை ஐந்துக்கு ஒன்று என வென்று மீண்டும் கோப்பையைப் பெற்றது. 2011 முதல் 2021 வரை நடந்த ஆறு உலகக் கோப்பைகளில் ஐந்து ஐரோப்பாவுக்கு வந்தன: ரஷ்யாவுக்கு மூன்று, போர்ச்சுகலுக்கு இரண்டு. நெடும் பனிக்காலத்தைக் கூரைகளுக்கடியில் மணல் பரப்பி ஆடிக் கழித்த நாடு, ஆண்டு முழுதும் வெயில் காயும் கோபகபானாவின் பிள்ளைகளை வென்றது எதனால்?

நம் விடை இதுதான்: கடலால் அல்ல, பருவத்தால். ஆண்டுதோறும் தவறாமல் வரும் ஒரு போட்டிப் பருவத்தால். மணலில் தன்னிச்சையாக ஆடித் திறன் பெறுவது ஒன்று. ஒவ்வொரு கோடையிலும் தனக்கு நிகரான அல்லது மேலான அணிகளோடு மோதி, தோற்று, எங்கே தோற்றோம் என்று ஆராய்ந்து, அடுத்த சுற்றில் திருத்திக்கொண்டு வருவது வேறொன்று. முன்னது இயற்கையின் கொடை. பின்னது ஒரு நிறுவனம் மட்டுமே தரக்கூடியது. ஐரோப்பாவுக்கு அந்த நிறுவனம் 1998-இலேயே வாய்த்தது.

ஸ்விட்சர்லாந்தின் கதை இதற்குச் சான்று. அவர்கள் திடீரென்று 2012-இல் வந்து குதித்தவர்கள் அல்லர். பல கோடைகள் இந்த லீகில் அடிபட்டு எழுந்தவர்கள். 2009-இல் துபாயில் நடந்த உலகக் கோப்பையில் இறுதியாட்டம்வரை சென்று பிரேசிலிடம் பத்துக்கு ஐந்து என்று தோற்றார்கள். அத்தொடரில் பதினாறு கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான விருதையும் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதையும் சேர்த்துப் பெற்றவர் அவ்வணியின் தேயான் ஸ்டான்கோவிச். புகழ்பெற்ற செர்பியக் கால்பந்து வீரருக்கும் அதே பெயர் என்பதால், மணல் அறியாதவர்களிடம் இவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவர் அல்லர், இவர்" என்று விளக்க வேண்டியிருக்கிறது. அறியப்படாத துறையொன்றில் உன்னதம் எய்தியவர்களின் நிலை எங்கும் இதுதான் போலும்.

அவ்வணியை நெடுங்காலம் பயிற்றுவித்தவர் ஆஞ்செலோ ஸ்கிரின்சி. 2013 உலகக் கோப்பைக்கு ஸ்விட்சர்லாந்து தகுதிபெறவில்லை. அந்த ஆண்டு, போட்டியை நடத்திய தாகிதியின் அணிக்கு அவர் பயிற்றுநராகச் சென்றார். மூன்று லட்சம் பேர்கூட இல்லாத பிரெஞ்சுப் பாலினீசியாவின் அணி அரையிறுதிவரை சென்றது. அதன்பின் 2015-இலும் 2017-இலும் இறுதியாட்டத்துக்கே வந்தது தாகிதி. பசிபிக் பெருங்கடலின் நடுவே, எங்கு திரும்பினாலும் கடற்கரையாக இருக்கும் தீவின் மைந்தர்களுக்குக் கடலே இல்லாத நாட்டிலிருந்து ஒருவர் சென்று மணலில் ஆடக் கற்றுக்கொடுத்தார். நெய்தல் நிலத்தார் குறிஞ்சி நிலத்தானிடம் பாடம் கேட்டார்கள். அதில் இருவருக்கும் இழிவில்லை. நம் புன்னகைக்கார நண்பர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்த்துவிடுவோம்.

முதல் மறுப்பு, இது செயற்கையானது என்பது. நகரச் சதுக்கத்தில் லாரி லாரியாக மணலைக் கொண்டுவந்து கொட்டி, சுற்றிலும் தற்காலிக இருக்கைகள் அமைத்து, மூன்றாம் நாள் இரவே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதற்குப் பெயர் கடற்கரையா என்று கேட்கிறார்கள். 2011-இல் லீகின் இறுதிச் சுற்று மாஸ்கோவில் நடந்தது. 2023-இல் ஐரோப்பிய விளையாட்டுப் போட்டிகளின்போது போலந்தின் உட்பகுதியில் உள்ள டார்னூஃப் நகரில் மணல் பரப்பினார்கள். அங்கே தங்கம் வென்றதும் ஸ்விட்சர்லாந்துதான். நாம் திருப்பிக் கேட்பது இது: நாடக மேடையில் இருக்கும் காடு காடா? வயலில் பிறந்த பாட்டை அரங்கில் பாடினால் அது பாட்டில்லையா? எந்தக் கலையும் பிறந்த இடத்தைவிட்டு ஒருநாள் வெளியேறித்தான் ஆக வேண்டும். வெளியேறும்போது எதைக் கூடவே எடுத்துச் செல்கிறது, எதை விட்டுச் செல்கிறது என்பதே கேள்வி. இந்த ஆட்டம் அலையை விட்டுவிட்டது; மணலை எடுத்துக்கொண்டது. அதன் சாரம் மணலில்தான் இருந்தது.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கனமானது. அது பணத்தைப் பற்றியது. கடல் இல்லாவிட்டாலும் கடற்கரையை விலைக்கு வாங்கிக்கொள்ள ஸ்விட்சர்லாந்தால் முடியும். நீண்ட கடற்கரையும் தேர்ந்த ஆட்டக்காரர்களும் உள்ள செனகல், ஆப்பிரிக்கப் பட்டத்தைப் பலமுறை வென்ற அணி. அதற்கு இத்தகைய ஆண்டுப் பருவம் வாய்க்கவில்லை. ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பேருந்திலேயே போய்விடலாம். ஆப்பிரிக்காவிலோ பசிபிக் தீவுகளிடையேயோ ஒரு மூன்று நாள் சுற்றுக்கு ஆகும் விமானச் செலவே ஓர் அணியை முடக்கிவிடும். ஆகவே ஸ்விட்சர்லாந்தின் வெற்றியைத் திறமையின் தூய வெற்றியாக மட்டும் கொண்டாடினால் அது அரை உண்மை. இதை நாம் ஏற்கிறோம். ஏற்பதோடு, இதுவே நம் வாதத்தை வலுப்படுத்துகிறது என்றும் கருதுகிறோம். ஆட்டத்தை வளர்ப்பது நிலமல்ல, தொடர்ச்சியான பருவம் என்றால், அப்பருவத்தை மற்றக் கண்டங்களுக்கும் கிடைக்கச் செய்வதுதான் நீதி. உலகக் கோப்பை என்ற பெயரில் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிவைத்துப் படமெடுப்பது அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, தேசம் பற்றிய மறுப்பு. கடலும் இல்லை, மணலும் சொந்தமில்லை, அப்புறம் "நாட்டு அணி" என்பதற்கு என்ன பொருள்? இக்கேள்வி சரியான இடத்தில்தான் வந்து நிற்கிறது. போர்ச்சுகலின் ஒப்பற்ற ஆட்டக்காரர் மட்ஜெர், 2006 உலகக் கோப்பையில் மட்டும் இருபத்தொரு கோல்கள் அடித்தவர், பிறந்தது அங்கோலாவின் லுவாண்டாவில். மட்ஜெர் என்பது அவருடைய இயற்பெயரும் அன்று; அல்ஜீரிய ஆட்டக்காரர் ஒருவரின் நினைவாகப் பெற்ற பட்டப்பெயர். 2021-இல் மாஸ்கோவில், தன் சொந்த மண்ணில், ரஷ்ய அணி உலகக் கோப்பையை வென்றது; ஆனால் ஊக்கமருந்து விவகாரத்தால் விதிக்கப்பட்டிருந்த தடை காரணமாக நாட்டின் பெயரையோ கொடியையோ பயன்படுத்த முடியவில்லை. கால்பந்துச் சங்கத்தின் பெயரில்தான் ஆடினார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுப்பு நிகழ்ந்ததும் ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ரஷ்ய அணிகளை இடைநீக்கம் செய்தன. ஐந்துமுறை ஐரோப்பிய லீகையும் மூன்றுமுறை உலகக் கோப்பையையும் வென்ற அணி களத்திலிருந்து அகன்றது. 2016-இல் லீக் பட்டம் வென்ற உக்ரைனுக்குக் கடல் இருக்கிறது, அழகிய கடற்கரைகள் இருக்கின்றன. 2022-இல் ஒதேசாவின் கடற்கரைகளில் கண்ணிவெடி அபாயம் காரணமாக மக்கள் கால்வைக்கத் தடை விதிக்கப்பட்டது. கடல் இல்லாதவர்கள் மணலில் ஆடிக்கொண்டிருக்க, கடல் உள்ளவர்கள் தம் மணலை அணுக முடியாமல் நின்றார்கள். நிலம் ஒருவருக்கு இயற்கையாகவே உரியது, என்றைக்கும் உரியது என்ற நம்பிக்கையை இதைவிடக் கொடூரமாக எது கேலி செய்ய முடியும்?

தேசம் என்ற சொல்லை நாம் கண்மூடி வழிபடுபவர்கள் அல்லர். எனினும் இந்த லீகில் அச்சொல்லுக்கு ஒரு எளிய, நேர்மையான பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது: ஒரு சட்டையை அணிந்துகொண்டு ஒவ்வொரு கோடையிலும் திரும்பி வருபவர்கள். அவ்வளவுதான். பெலாருஸ் என்ற கடலற்ற இன்னொரு நாடு அவ்வாறு ஆண்டுதோறும் திரும்பி வந்துகொண்டிருந்தது. 2024-இல் துபாயில் உலகின் நான்காம் அணியாக நின்றது. 2025 மே மாதம் செஷல்ஸ் தீவில் நடந்த உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் பிரேசிலுடன் மோதி நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. ஒரே ஒரு கோல் வித்தியாசம். ஸ்விட்சர்லாந்தின் வெற்றியை விதிவிலக்கு என்று ஒதுக்கியவர்கள் இதையும் விதிவிலக்கு என்பார்களா?

சிற்றிதழ்களோடு வளர்ந்த வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையிராது. பரிசு பெற்ற நூலை மட்டும் வாங்கி வாசிப்பவர்களுக்கு, அந்த எழுத்தாளர் இருபதாண்டுகள் எந்தெந்தச் சிறு பத்திரிகைகளில், எத்தனை பேர் மட்டுமே படிக்கும் பக்கங்களில் எழுதிப் பழகினார் என்பது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றுவதில்லை. உலகக் கோப்பை என்பது பரிசு. லீகின் ஒவ்வொரு சுற்றும் ஒரு சிற்றிதழ். ஏதோ ஒரு சிறு கடலோர ஊரில், ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், பாதி நிறைந்த இருக்கைகளின் முன்னே இரண்டு அணிகள் ஆடும் ஆட்டத்தில்தான் பின்னாளில் உலகம் கைதட்டப்போகும் உதை முதன்முதலில் முயன்று பார்க்கப்படுகிறது, தவறிப்போகிறது, மறுபடியும் முயலப்படுகிறது. சிற்றிதழ் நின்றுபோனால் பரிசுக்கு ஆள் கிடைக்கமாட்டார் என்பதை நாம் அனுபவத்தில் அறிந்தவர்கள். லீக் மெலிந்துபோனால் கோப்பைக்கும் அதே கதிதான்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்கு 1998-இல் கிடைத்த ஐரோப்பியப் போட்டி பெண்களுக்குக் கிடைக்க 2016 வரை, அதாவது பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. மணல் ஆணையும் பெண்ணையும் ஒரே விதமாகத்தான் உள்ளே இழுக்கிறது. மூன்று நாள் போட்டிக்காக மணலைக் கொட்டி மைதானம் அமைத்தவர்கள் அதே மணலில், அதே நாள்களில் இன்னும் நான்கு அணிகளை ஆடவைக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டதற்கு நாம் ஏற்கக்கூடிய காரணம் எதுவும் இல்லை. பருவம்தான் ஆட்டக்காரரை உருவாக்குகிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு பாதியினருக்குப் பருவத்தை மறுத்தால், அவர்கள் ஆட்டம் இன்னும் முதிரவில்லை என்று பின்னர் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. விளையாட்டைப் பற்றி எழுதுபவர்கள் உலகக் கோப்பை நடக்கும் பத்து நாள்களோடு நின்றுவிடாமல் கோடைச் சுற்றுகளின் பக்கமும் திரும்பிப் பார்க்கட்டும். இவ்வாட்டத்தை நடத்துபவர்கள் நட்சத்திரங்களைத் தேடுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது இரண்டாம் பிரிவு அணிகளின் பயணச் செலவிலும், ஆப்பிரிக்காவிலும் பசிபிக்கிலும் இதே போன்ற பருவங்களை அமைப்பதிலும் காட்டட்டும். பார்க்கும் நாம் "கடலில்லாதவனுக்கு மணலில் என்ன வேலை" என்று கேட்பதை நிறுத்திக்கொள்வோம்.

ஹேக் நகரில் 2012-இல் ஸ்விட்சர்லாந்து ஆட்டக்காரர்கள் நின்ற மணல் அவர்களுடையதன்று, கடலும் அவர்களுடையதன்று. ஆனால் வெறுங்காலோடு அதில் நிற்பது எப்படி, நிலைக்காத தரையில் பந்தை நிலைநிறுத்துவது எப்படி என்பதைப் பத்துப் பன்னிரண்டு கோடைகளாக அவர்கள் கற்றிருந்தார்கள். அவர்களுக்கு அங்கே நிற்க உரிமை தந்தது அந்தக் கல்விதான். அதைவிட மேலான உரிமை ஒன்று அந்த மைதானத்தில் வேறு எவரிடமும் இருந்ததாக நாம் நினைக்கவில்லை.